ஏழாம் நம்பர் மலையில் நான் கண்டுபிடித்த எரிமலை

எனக்கு ஒரு கறுப்புக் கல்லுக்கும் இன்னொரு கறுப்புக் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. இதை நான் வெளியில் சொல்லக் கூடாது. கல்லைப் பார்த்து அறிக்கை எழுதுவதற்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. இப்போது ஓரளவு தேறிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்த நாட்களில், பாறைகளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம், காலில் விழுந்தால் வலிக்கும் என்பதுதான்.

மூன்றாம் ஆண்டு முடிவில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஆளுக்கொரு மலைப்பகுதிக்குப் போய், அங்குள்ள பாறைகளை எல்லாம் பார்த்து, எந்தப் பாறை எங்கிருந்து எங்கு வரை போகிறது என்று படம் வரைந்து வரவேண்டும். படம் சரியாக வந்தால் நான்காம் ஆண்டு, சிறப்புப் பட்டம். வராவிட்டால் மூன்று வருடத்தோடு பொதுப் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வீடு கண்டியில், மஹய்யாவையில் இருந்தது. அங்கே அம்மா, "எம்மக நாலு வருஷப் படிப்பு படிக்கிறா" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்திருந்தார். மூன்று வருடத்தில் திரும்பிப் போனால் அத்தனை வீட்டுக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லவேண்டும்.

நான் கண்டி மாவட்டத்து ஹுன்னஸ்கிரிய பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆராய்ச்சி நோக்கம் ஒன்றும் இல்லை. அம்மாவின் தம்பி ராமையா மாமா அங்கே இருந்தார், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. என்னோடு சோடி சேர்ந்தவள் ஆரணி. யாழ்ப்பாணத்துக்காரி. நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுத்தான் திகதியே எழுதுவாள்.

எங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் ஒரு சிங்களப் பெண்மணி. நாங்கள் மெடம் என்போம். புறப்படும் முன் எங்களை அழைத்து விளக்கினார். உங்கள் பகுதியில், ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பாக ஓடிய பாறைகள் இருக்கின்றன. அவை பூமிக்குள் ஆழமாகப் போய், வெந்து, நசுங்கி, மடிந்து, உருமாறி மறுபடி மேலே வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு குழுக்கள். கறுப்பில் சிவப்புப் புள்ளிகள், அதாவது கார்னட் மணிகள், இருந்தால் முதலாம் குழு. புள்ளி இல்லாமல் வெள்ளை வரிகள் இருந்தால் இரண்டாம் குழு. இரண்டும் சந்திக்கும் எல்லைக் கோட்டைக் கண்டுபிடித்துப் படத்தில் போடுங்கள், அவ்வளவுதான் என்றார். (கண்டியில் எரிமலையா என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. நானும் கேட்டேன். பல கோடி வருடத்துக்கு முன்னால் என்றார். அதற்கு மேல் யாரிடம் போய் விசாரிப்பது?)

கேட்கும்போது மிகச் சுலபமாக இருந்தது. சிவப்புப் புள்ளி ஒரு பக்கம், வெள்ளை வரி மறுபக்கம், நடுவில் ஒரு கோடு. சின்னப் பிள்ளையும் செய்துவிடும். எனவே முதல் நாள் காலையில் சுத்தியல், கொம்பஸ், நோட்டுப் புத்தகம், அட்டைக் கடிக்கு உப்பு, சவர்க்காரம் சகிதம் ஒரு விஞ்ஞானியின் நடையில் தோட்டத்துக்குள் இறங்கினேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கொழுந்து பறிக்கப் போக நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராமையா மாமா, "நம்ம தர்ஷினி. கல்லுக்குப் படிக்கிறா" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

மலைக்குப் போய்ப் பார்த்தால், எல்லாக் கல்லும் கறுப்பு. பாசி பிடித்த கறுப்பு, மழையில் நனைந்த கறுப்பு, உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் கறுப்பு. சிவப்புப் புள்ளி இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வெள்ளை வரி என்று நினைத்துத் துடைத்தால் காக்கை எச்சம். ஒரே பாறையில் காலையில் முதலாம் குழுவும் மத்தியானம் இரண்டாம் குழுவும் தெரிந்தது. நான் ஆரணியைக் கேட்பேன், அவள் என்னைக் கேட்பாள்.

"இது எந்தக் குரூப் ஆரணி?"

"எனக்கெண்டா விளங்கேல்லை. நீ என்ன எழுதினனி?"

"நான் நீ என்னா எழுதுறேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

மூன்றாம் நாள் எனக்கு விடிவு வந்தது போல் இருந்தது. ஒரு பாறையில் தெளிவாகச் சிவப்புப் புள்ளிகள், நாலைந்து, நல்ல பிரகாசமாக. "கார்னட்!" என்று கத்திக்கொண்டே எழுதிவிட்டேன். ஆரணி குனிந்து பார்த்து, விரலால் தொட்டாள். புள்ளி விரலோடு வந்துவிட்டது. பிறகு என் முழங்காலைப் பார்த்தாள். அங்கே ஓர் அட்டை வயிறு நிறையக் குடித்துவிட்டு இறங்கிப் போயிருந்தது. முதலாம் குழுவுக்கு நான் சேர்த்த முதல் சான்று என் சொந்த இரத்தம்.

ஏழு நாள் இப்படிப் போயிற்று. எங்கள் படத்தில் சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் அம்மை போட்ட மாதிரி கலந்து கிடந்தன. நடுவில் கோடு போட இடமே இல்லை. நாலு நாளில் மெடம் நேரில் வந்து பார்ப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை, "கல்லத்தானே பாக்குற, புள்ளைக்கு ஏன் இப்படி மூஞ்சி சுண்டிப் போகுது?" என்று இன்னொரு ரொட்டியை வைத்தார்.

எட்டாம் நாள்தான் ஏழாம் நம்பர் மலைக்குப் போனோம். (தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைத் துண்டுக்கும் இப்படி நம்பர்தான் பெயர்.) அங்கே தோட்டத்து ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. ரோட்டின் மேல்பக்கத்தில், பன்னைச் செடிக்கும் பாசிக்கும் இடையே, இடுப்பளவு உயரத்துக்குப் பாறை தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அடுக்கடுக்கான பாறை! கீழ் அடுக்குகளில் சந்தேகமே இல்லாத கார்னட். தொட்டால் விரலோடு வராத கார்னட். மேல் அடுக்குகளில் புள்ளி இல்லை, பளிச்சென்று வெள்ளை வரி. அதாவது இரண்டு குழுவும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில்.

கொம்பஸை வைத்து அளந்தோம். அடுக்குகள் எல்லாம் மலைக்குள் ஒரே அளவாகச் சாய்ந்திருந்தன. பத்தடி தள்ளி அளந்தோம், அதே சாய்வு. அந்தப் பாறை வரிசை ரோட்டு வளைவு வரை போய், அங்கே கொண்டையூசி போல் திரும்பி, மேலே மறுபடி வந்தது. பாறை மடிந்திருக்கிறது! புத்தகத்தில் படம் போட்டுக் காட்டும் மடிப்பு கூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

நான் அந்த இடத்திலேயே அதற்குப் பெயர் வைத்தேன். மூன்றாம் குழு. மெடத்துக்கே தெரியாத குழு.

"எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்" என்றாள் ஆரணி. "மடிப்பு ஏன் ரோட்டோடயே போகுது?"

"பாறை எப்படிப் போகுதோ அப்படித்தான் ரோடு வெட்டியிருப்பாங்க" என்றேன். என்ன வேகமாக வந்தது அந்தப் பதில்! பரீட்சையில் எனக்கு அப்படி ஒரு பதில் வந்ததே இல்லை.

நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது ராமையா மாமா வந்தார். அவருக்கு முழங்கால் கோளாறு. முன்பு தோட்டத்தில் கல் வேலை செய்தவர், இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கிறார். எங்களைக் கண்டதும் ரோட்டின் மறுகரையில் நின்றுவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் கொம்பஸை வைக்கும் ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் மாமா நல்லா இருக்கு. இவ்வளவு நாளும் பார்த்ததிலயே இதுதான் பெஸ்ட்" என்றேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா சொல்ற?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து அளக்கத் தொடங்கினால், அவர் முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். அளப்பவர் எதற்கு அளக்கிறார் என்று கேட்கும் பழக்கமும் இல்லை. அந்த மரியாதை என்னை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் போனபோது பன்னை எல்லாம் அரிந்து ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்றாம் குழு இன்னும் முப்பதடி நீளமாகத் தெரிந்தது. ரோட்டுக்குத் துப்புரவு செய்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் பாசியும் போயிருந்தது. இரவு மழை கழுவியிருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் சாய்வு கொஞ்சம் பிசகியிருந்த இரண்டு இடங்களை மறுபடி அளந்தேன், இப்போது கச்சிதமாக இருந்தது. முதல் நாள் நான்தான் பிழையாக அளந்திருக்கிறேன் என்று நினைத்தேன். இயற்கையே என் பக்கம் இறங்கி வேலை செய்கிறது என்று ஒரு மமதை வந்துவிட்டது.

"பாறை எங்கேயாவது நாளுக்கு நாள் திருந்துமோ?" என்றாள் ஆரணி.

"நாமதான் திருந்துறோம்" என்றேன்.

அன்று பின்னேரம் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். "எரிமலைக் குழம்பு முதலில் கனமாக வெளிவந்ததால் கீழ் அடுக்குகளில் கார்னட் நிறைந்துள்ளது, பின்னர் அதன் தன்மை மாறியதால் மேல் அடுக்குகளில் அது அற்றுப்போயுள்ளது" என்று ஒரு முழுப் பக்கம். எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். (வேண்டாம், இன்றைக்கும் அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைக்கத் தோன்றுகிறது.)

மறுநாள் மெடம் வான் வண்டியில் வந்து இறங்கினார். சப்பாத்து, தொப்பி, கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி. ராமையா மாமா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் தயாராக நின்றார். அத்தை பால் ஊற்றாத பிளேன்டி கொண்டுவந்தார். நான் முதலாம் குழுவையும் இரண்டாம் குழுவையும் விரைவாகத் தாண்டி, அம்மை போட்ட பகுதியை மெடம் அதிகம் பார்க்காதபடி, நேரே ஏழாம் நம்பர் மலைக்கு அழைத்துப் போனேன்.

வளைவில் திரும்பியதும் எனக்கே திக்கென்றது. மூன்றாம் குழுவின் மூலைக் கல்லில் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமப் பொட்டும், மேலே ஒரு செம்பரத்தம்பூவும்.

"இது கோயிலா?" என்றார் மெடம் சிங்களத்தில்.

"இங்குள்ள மக்கள் பாறையை வணங்குவார்கள்" என்றேன். எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. மெடம் உடனே தொப்பியைக் கழற்றினார். மரியாதையான மனிதர். தொப்பியைக் கையில் பிடித்தபடி, என் மூன்றாம் குழுவைக் கிட்டப் போய்ப் பார்த்தார். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே விரலை விட்டார். விரல் முழுவதும் உள்ளே போயிற்று.

அப்போது ராமையா மாமா முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு தமிழில் சொன்னார். "அந்தம்மாகிட்ட கேட்டு சொல்லு பாப்பா, கல்லுக்கட்டு எப்படி இருக்கு? ஆறு பேரு சேந்து கட்டினோம். அஞ்சு பேரு இப்ப இல்ல. இத்தன வருஷத்துல ஒரு ஆளு வந்து அளந்து பாத்ததில்ல. நம்ம புள்ள நீதான் வந்து அளந்த."

கல்லுக்கட்டு. மண் சரியாமல் இருக்க ரோட்டோரம் எழுப்பும் கல் சுவர். பன்னை, பாசி, திருந்திய சாய்வு, பொட்டு எல்லாம் வரிசையாக மண்டைக்குள் வந்து விழுந்தன. பக்கத்தில் ஆரணி இருமத் தொடங்கினாள்.

"என்ன சொல்கிறார்?" என்று மெடம் என்னைக் கேட்டார்.

மனிதருக்கு ஆபத்து வந்தால் உண்மை முகம் தெரியும் என்பார்கள். என் உண்மை முகம், "பாறை மிகப் பழையது என்கிறார்" என்று மொழிபெயர்த்தது.

ஆனால் நான் ஒன்றை மறந்துபோனேன். ஹுன்னஸ்கிரிய கடைத்தெருவில் பிறந்ததிலிருந்து சாமான் வாங்கும் மாமாவுக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும். என் மொழிபெயர்ப்பைக் கேட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மெடத்தின் பக்கம் திரும்பி, மிகப் பணிவாக, "மே தாப்பே அபி ஹதப்பு எக்க, நோனா" என்றார். இந்தச் சுவர் நாங்கள் கட்டியது, அம்மா.

மெடம் சுவரைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். என் படத்தை விரித்து, நான் சிவப்பு மையில் தடிப்பாக வரைந்திருந்த கொண்டையூசி மடிப்பைப் பார்த்தார். மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

"கீழே மட்டும் ஏன் கார்னட் கல்?" என்று மாமாவைக் கேட்டார். குரல் ஒருமாதிரி நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

மாமா உற்சாகமாகிவிட்டார். "செவப்புப் புள்ளிக் கல்லு கனமுங்க. சுத்தியலுக்கு மசியாது, ஒடச்சா கண்டபடி ஒடையும். அத அடியில போட்டுருவோம். வெள்ள வரிக் கல்லு வரியோடயே பலகையாட்டம் பொளக்கும். அது மேல அடுக்குறதுக்கு" என்று சிங்களத்தில் விலாவாரியாகச் சொன்னார். மெடம் என் அறிக்கையின் அந்தப் பக்கத்தைத் திறந்தார். எரிமலைக் குழம்பின் தன்மை மாறியதைப் பற்றிய பக்கம். இரண்டு வரி வாசித்தார். பிறகு மூன்றாம் குழுவின் மேலேயே உட்கார்ந்து, முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். ஆரணி இரண்டையும் மாறி மாறிச் செய்தாள்.

சிரித்து முடித்ததும் மெடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த இரண்டு கல்லையும் எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார். மாமா கையைக் காட்டினார். ஐந்தாம் நம்பர் மலைக்குப் பின்னால், ஓடைக்கரையில், ஆளுயர மானாப் புல்லுக்குள் கல் உடைத்த பள்ளம் ஒன்று இருந்தது. நாங்கள் அந்த ஓடையை நாலு தரம் தாண்டியிருக்கிறோம், அட்டைக்குப் பயந்து ஓட்டமாக. மாமா கத்தியால் புல்லை ஒதுக்கினார். வெட்டுமுகத்தில் இடது பக்கம் சிவப்புப் புள்ளி, வலது பக்கம் வெள்ளை வரி. நடுவில் ஒரு கோடு, மேலிருந்து கீழ் வரை, விரல் வைத்து இழுக்கலாம் போல. எனக்கே தெரிந்தது.

"ஒரு வாரம் தருகிறேன்" என்றார் மெடம். "இந்தக் கோட்டிலிருந்து தொடங்கு. மூன்றாம் குழுவை அழி."

நாங்கள் பேசியது மாமாவுக்கு விளங்கியிருந்தது. "அப்ப நம்ம கல்லுக்கட்டு படத்துல வராதா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மனிதர் செய்ததை இந்தப் படத்தில் போடமாட்டார்கள் மாமா, தானாக உண்டானதைத்தான் போடுவார்கள் என்றேன். "சரி சரி" என்று தலையாட்டினார். ஆனால் திரும்பி வரும்போது முழங்கால் வலியையும் பார்க்காமல் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். மெடத்தின் முன்னால் பட்ட வெட்கம் இரண்டு நாளில் போய்விட்டது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தது இன்னும் போகவில்லை.

ஒரு வாரத்தில் புதுத் தாளில் படத்தைத் திருத்தி வரைந்தோம். பாஸ், மயிரிழையில். நான்காம் ஆண்டு கிடைத்தது, மஹய்யாவையில் அம்மாவின் மானமும் நின்றது. ஆரணி இப்போது வெளிநாட்டில் பெரிய ஆராய்ச்சியாளர். வருடா வருடம் என் பிறந்தநாளுக்கு, "பாறை திருந்திட்டுதோ?" என்று மட்டும் செய்தி அனுப்புகிறாள். நானோ, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, எந்தக் கல்லில் சுத்தியலை வைக்கும் முன்னும் பக்கத்தில் நிற்கும் ஆளிடம், "இது யாராவது கட்டினதா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. ஒருமுறை முந்நூறடிச் செங்குத்துப் பாறை ஒன்றைக் காட்டிக் கேட்டுவிட்டேன். கூட வந்த டிரைவர் அன்று முழுவதும் என்னிடம் ஜாக்கிரதையாகப் பேசினார்.

மூன்றாம் குழு இருந்த பழைய படத்தை, தோட்டத்தை விட்டுப் புறப்படும்போது மாமாவிடம் கொடுத்தேன். குப்பையில் போடப் போனதைத்தான் கொடுத்தேன். அவர் அதைக் கண்டிக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு, முன்னறையில் அம்மன் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் பிளேன்டி வருவதற்குள் அந்தப் படம் காட்டப்படும். குடும்பத்தில் யாராவது அளவுக்கு மீறி நிச்சயமாகப் பேசினால், "இது மூணாங் குரூப்பு" என்று ஒரே சொல்லில் வாயை அடைப்பார்கள்.

போன தை மாதம் மாமா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா படத்தின் முன்னால் நின்று, சிவப்பு மை மடிப்பின் கீழ் நான் மாமாவுக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "இங்க எரிமலைக் கொழம்புன்னு போட்டிருக்கே?"

"ஆமாங்க" என்றார் மாமா. "நாங்க ஆறு பேருதான் வச்சோம். பேராதனையில படிச்ச புள்ள அளந்து எழுதினது. இந்தா நிக்கிது, கேளுங்க."

அறையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"உண்மைங்களாம்மா?" என்றார் அந்தப் பெரியவர்.

"உண்மைதாங்க" என்றேன். "அன்னைக்கு அந்த மலையில நான் சரியா அளந்தது அது ஒண்ணுதான்."